தரையில் பறவை, முகட்டில் அணில்: பழனி மலைச் சோலைகளின் ஊடே

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கு நோக்கிய ஓட்டத்திலிருந்து ஆனைமலைக்கு அருகே கிளை பிரிந்து, திண்டுக்கல் சமவெளியை நோக்கிக் கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மலைத்தொகுதியே பழனி மலை. இதன் கிழக்குப் பகுதியில் காப்பித் தோட்டங்களும் மலைவாழைத் தோட்டங்களும் நிறைந்த கீழ்ப்பழனியும், மேற்கே 2,000 மீட்டரைத் தாண்டி எழும் மேட்டுநிலமான மேல்பழனியும் அமைந்துள்ளன. மேல்பழனியின் தென்விளிம்பில், வைகைச் சமவெளியைப் பார்த்தபடி, கொடைக்கானல் இருக்கிறது. இங்கு வருபவர்கள் ஏரியையும் பைன் மரக் காட்டையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். ஆனால் இம்மலையின் தொன்மையான முகம் அவ்விரண்டிலும் இல்லை. ஏரி 1863-இல் மனிதர் கட்டியது; பைன் மரம் கடல் கடந்து வந்தது. மலைக்கே உரியது சோலை. அச்சோலையை அறிந்துகொள்ள அதில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழியாகும். ஒன்று வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்னும் சிறு பறவை. மற்றொன்று மலை அணில் என்னும் சிறு பாலூட்டி. சிறகு பெற்ற உயிர் தரையை விட்டு அதிகம் எழுவதில்லை என்பதும், சிறகில்லாத உயிர் மரமுகட்டை விட்டு எளிதில் இறங்குவதில்லை என்பதும் இந்த ஒப்பீட்டின் மையமாக அமைகின்றன.

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை ஏறத் தொடங்கும்போது இருபுறமும் காணப்படுவது வறண்ட நிலத்துக்குரிய முட்புதர்க் காடும் இலையுதிர்க் காடும் ஆகும். இவ்வடிவாரங்களில் ஓடைக்கரையோரம் வளரும் உயர்ந்த மரங்களில், மலை அணிலின் நெருங்கிய உறவான சாம்பல் நிற அணில் சில இடங்களில் வாழ்கிறது. மயிர்களின் நுனி வெளுத்து நரைத்ததுபோல் தோன்றுவதால் இதனை நரை அணில் என்றும் அழைப்பர். இது தென்னிந்தியாவின் சில பகுதிகளிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுவது. இதற்கெனத் திருவில்லிபுத்தூரில் 1988-இல் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. டம்டம் பாறையைக் கடந்து, ஊத்து, பண்ணைக்காடு பக்கங்களில் காற்றில் ஈரம் கூடும்போது, காப்பிச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக விட்டுவைக்கப்பட்ட பெருமரங்கள் தோன்றுகின்றன. மலை அணிலின் உலகம் இந்த உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. சோலைக்கிளிக்கோ இன்னும் மேலே செல்ல வேண்டும். அது ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேற்பட்ட ஈரக் காடுகளிலேயே பெரும்பாலும் வாழ்கிறது. பயணத்தின் இந்தத் தொடக்கத்திலேயே வெளிப்படும் இந்த வேறுபாடு, பின்னர் இரண்டின் எதிர்காலத்தையும் பிரித்துக் காட்டும் வேறுபாடாகவும் அமைகிறது.

பெருமாள்மலையைக் கடந்ததும் செண்பகனூர் வருகிறது. இயேசு சபையினர் 1895-இல் இங்கு நிறுவிய திரு இருதயக் கல்லூரியோடு இணைந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், இம்மலையின் தாவரங்களையும் விலங்குகளையும் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து வைத்திருக்கிறது. ஆயினும் சோலைக்கிளி அறிவியல் உலகுக்கு அறிமுகமானது அதற்கும் முன்னரே. மராத்தி நாட்டின் அகமதுநகர்ப் பகுதியில் பணியாற்றிய சாமுவேல் பேக்கன் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மறைப்பணியாளர் பழனி மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். வாகனச் சாலை இல்லாத அக்காலத்தில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையேறியோ, சுமைதூக்கிகள் தூக்கிச் சென்ற டோலியில் அமர்ந்தோதான் மேலே வரவேண்டியிருந்தது. அவர் சேகரித்த பறவைகளை ஆராய்ந்த வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு, 1868-இல் இச்சிறு பறவையைப் புதிய இனமாக விவரித்து, வெள்ளை வயிறு என்று பொருள்படும் ‘அல்பிவென்ட்ரிஸ்’ என்னும் இனப்பெயரை அளித்தார். இதே மலையிலிருந்து கிடைத்த மற்றொரு பறவையான பழனிச் சிலம்பனுக்கு, அடுத்த ஆண்டில், ஃபேர்பேங்கின் பெயரையே சூட்டினார்.

இனப்பெயர் நிலைத்தது, ஆனால் பேரினப் பெயர் பலமுறை மாறியது. பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய இனங்களை ஒன்றுசேர்க்கும் வகைப்பாட்டு அலகு. காலின், பிராக்கிப்டெரிக்ஸ், மையோமெலா என்று ஒவ்வொரு காலத்தும் ஒவ்வொரு கூட்டத்தில் வைக்கப்பட்ட இப்பறவை உண்மையில் அவற்றில் எதற்கும் உரியதன்று என்பதை, மரபணு, உடலமைப்பு, குரல் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்து 2017-இல் வி. வி. ராபினும் அவருடைய ஆய்வுத் தோழர்களும் நிறுவினர். ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவைகளுக்கு அவர்கள் ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினத்தை உருவாக்கினர். சோலை என்னும் தமிழ்ச் சொல்லும், வாழ்வது என்னும் பொருளுடைய இலத்தீன் ஈறும் இணைந்து பிறந்த பெயர் அது. சோலைக்கிளி என்ற பெயரில் வரும் கிளி பச்சைக்கிளியைக் குறிப்பதன்று. மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகச் சுட்டும் சொல்லே இங்கு ஆளப்பட்டுள்ளது. மலை அணிலின் பெயருக்கும் இந்திய மண்ணின் வாசம் உண்டு. ஜான் எட்வர்டு கிரே 1867-இல் அதற்கு அளித்த ‘ரட்டுஃபா’ என்னும் பேரினப் பெயர், பீகாரின் முங்கேர்ப் பகுதி மக்கள் வழங்கியதாகப் பதிவான சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. ஃபேர்பேங்க் பணியாற்றிய மராத்தி நிலத்தில் இவ்வணிலுக்கு ‘சேக்ரு’ என்று பெயர்; இன்று அது மகாராட்டிர மாநிலத்தின் மாநில விலங்கு.

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானலுக்குச் செல்லும் வழியில் உள்ள பாம்பார் சோலை, இவ்விரு உயிர்களின் வாழிடத்தை நேரில் அறிய ஏற்ற இடங்களுள் ஒன்று. பழந்தமிழில் சோலை என்பது மரங்கள் அடர்ந்த எந்தத் தோப்பையும் குறிக்கும். இன்றைய சூழலியலில் அது, உயர்ந்த மலைகளின் மடிப்புகளிலும் நீரோடைப் பள்ளங்களிலும் புல்வெளிகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டைக் குறிக்கிறது. காற்றும் குளிரும் மரங்களை உயரவிடுவதில்லை. பெரும்பாலானவை 20 மீட்டருக்கும் குறைவாகவே நிற்கின்றன. நாவல் இனத்து மரங்களும் காட்டுச் செண்பகமும் தலையோடு தலை இணைந்து இடைவெளியற்ற கூரையாகின்றன. கிளைகளில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் படர்கின்றன. கூரைக்குக் கீழே குறிஞ்சிச் செடியின் உறவினங்களான புதர்களும் பெரணிகளும் செறிந்த கீழடுக்கும், அதற்கும் கீழே மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இலைமக்குத் தரையும் உள்ளன. கூரை, கீழடுக்கு, தரை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சோலை. சோலைக்கிளி அடித்தளத்தைத் தன் வீடாகக் கொள்ள, மலை அணில் கூரையைத் தன் வீடாகக் கொண்டிருக்கிறது.

சோலைக்கிளியின் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு வீட்டுச் சிட்டுக்குருவியின் அளவு. முதுகும் மார்பும் கருநீலக் கற்பலகை நிறம்; நெற்றியோரம் சிறிய வெண்புருவம்; வயிறு வெண்மை. நிழலடர்ந்த காட்டுத் தரையில் அந்த நீலம் இருளோடு இருளாகக் கரைந்துவிடும். நீண்ட கால்களால் இலைமக்கின் மேல் தாவித் தாவி ஓடி, சற்று நின்று, பூச்சியைக் கொத்தி, மீண்டும் புதருக்குள் மறைவதே அதன் இயல்பு. மலை அணிலோ தலையும் உடலும் சேர்ந்து ஒன்றேகால் அடி வரையிலும், வால் அதற்கு மேலும் நீண்டு, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ளது. கருமையும் செம்பழுப்பும் கலந்த முதுகும், வெளிர்மஞ்சள் வயிறும், அடர்ந்த வாலும் அதன் அடையாளங்கள். சமவெளி அணிலின் முதுகில் உள்ள, இராமர் தடவியதாகக் கதை சொல்லும் மூன்று கோடுகள் இதற்கு இல்லை. அணில்களுக்குள் இது பேருருவம் உடையதுதான். எனினும் காட்டெருமையும் கடமானும் சிறுத்தையும் உலவும் இம்மலையின் பாலூட்டி வரிசையில் இது சிறியதே.

பறவைக்கும் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்தது. அதன் பின் பிரிந்த இரு கிளைகளும் தனித்தனியாகவே வெப்ப இரத்தத்தையும் நான்கு அறை கொண்ட இதயத்தையும் அடைந்தன என்பது உயிரியலின் வியப்புகளுள் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் மேல்பழனியில் அந்தப் பொதுத் தகுதியின் பயன் தெளிவாகத் தெரிகிறது. பல்லியும் பாம்பும் வெயிலுக்காகக் காத்திருக்கும் காலைப்பொழுதில், வெயில் புகாத சோலைக்குள் இவை இரண்டும் இரை தேடத் தொடங்கிவிடுகின்றன. இரவுக் குளிரை எதிர்கொள்ளும் முறை மட்டும் வேறு. பறவை தன் இறகுகளைச் சிலிர்த்து அவற்றுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி உடல்வெப்பத்தைக் காக்கிறது. அணில் மயிர்ப்போர்வையோடு நின்றுவிடாமல், சுள்ளிகளாலும் இலைகளாலும் உருண்டையான பெரிய கூடு கட்டி அதற்குள் உறங்குகிறது. ஓர் அணில் தன் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளை வைத்துக்கொள்வதும், கனத்த விலங்குகள் ஏறிவர முடியாத மெல்லிய கிளைகளின் கவையில் அவற்றை அமைப்பதும் வழக்கம். பொதுவாகக் கூடு என்றவுடன் பறவையே நினைவுக்கு வரும். இச்சோலையில் மரவுச்சியில் தெரியும் பெரிய கூடு அணிலுடையது. சோலைக்கிளியோ ஓடைக்கரைச் சரிவின் பொந்திலோ மரப்பொந்திலோ பாசியும் வேர்நாரும் கொண்டு கூடமைத்து, கோடைமழைக் காலத்தை ஒட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுகிறது.

இரண்டும் நகரும் விதம் மேலும் நுட்பமாக ஆராயத்தக்கது. சிறகு என்பது விலை கொடுத்துப் பெற்ற உறுப்பு. அதனை இயக்கும் மார்புத்தசைக்கு மிகுந்த உணவு வேண்டும். தொலைவு கடக்கும் பறவைகளுக்கு நீண்டு கூர்ந்த சிறகு உதவுகிறது. நெருங்கிய புதருக்குள் சட்டென எழுந்து சட்டென அமரும் பறவைக்குக் குறுகி வட்டமான சிறகே ஏற்றது. முற்காலத்தில் இப்பறவைக்கு வழங்கிய பிராக்கிப்டெரிக்ஸ் என்னும் கிரேக்கப் பெயருக்குக் குறுஞ்சிறகு என்பதே பொருள். அது இதன் உறவு முறையைத் தவறாகக் காட்டினாலும் வாழ்க்கை முறையைச் சரியாகவே சொன்னது. அணிலின் உடல் இதற்கு நேர்மாறான கணக்கின்படி அமைந்தது. கிளையிலிருந்து கிளைக்கு ஆறு மீட்டர் வரை அது தாவும். அகன்ற முன்னங்கால் பாதமும் வலுவான நகமும் பட்டையைப் பற்ற, நீண்ட வால் சமநிலை காக்கிறது. கனியைத் தின்னும்போது அது நிமிர்ந்து உட்காருவதில்லை. பின்னங்கால்களால் கிளையைப் பற்றி, உடலை ஒருபுறமும் வாலை மறுபுறமும் தராசுத் தட்டுகள்போல் தொங்கவிட்டு, இரு கைகளாலும் கனியைப் பிடித்துக் கொறிக்கிறது. வானில் உலவுவதற்குச் சிறகைவிட இடைவெளியற்ற மரக்கூரையே முதல் தேவை என்பதை மலை அணிலின் ஒவ்வொரு தாவலும் உணர்த்துகிறது.

உணவிலும் இப்பங்கீடு தொடர்கிறது. சோலைக்கிளியின் முதன்மையான இரை இலைமக்கில் உள்ள பூச்சிகள். மலை அணில் கனி, விதை, மலர், தளிர், மரப்பட்டை ஆகியவற்றை உண்பதோடு, வாய்த்தால் பூச்சியையும் பறவை முட்டையையும் தின்னும். கொறிணிகளுக்கு உரிய, தேயத்தேய வளரும் முன்பற்கள் மிகக் கடினமான விதையையும் உடைக்கும் ஆதலால், அணிலிடம் சிக்கும் விதைகளில் பல முளைக்கும் வாய்ப்பை இழக்கின்றன. எனினும் அது பாதி தின்று நழுவவிடும் கனிகள் தரையில் விழுந்து அழுக, அவற்றைச் சுற்றிப் பூச்சிகள் கூடுகின்றன. கூரையின் மிச்சம் தரையின் விருந்தாகும் வழி இது. ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் உண்டு. மரமுகட்டின்மேல் மெல்லத் தாழ்ந்து மிதக்கும் கருங்கழுகு தென்பட்டால் மலை அணில் கிளையோடு ஒட்டித் தட்டையாகி அசைவற்றுக் கிடக்கும். மரத்தடியில் வேட்டைவிலங்கோ மனிதனோ வந்தால் சரசரவென ஒலிக்கும் உரத்த எச்சரிக்கைக் குரலால் காட்டையே விழிக்கச் செய்யும். சோலைக்கிளியும் ஆபத்தில் உறைந்து நிற்கும். ஆனால் அதன் குரலின் சிறப்பு பாட்டில் உள்ளது. விடியலிலும் அந்தியிலும் புதருக்குள்ளிருந்து எழும் அந்தச் சீழ்க்கைப் பாடல், நீண்டு வளைந்து பல சுருதிகளைத் தொட்டு இறங்குவது. பாடும் பறவை கண்ணுக்குப் படாமலே பாட்டு மட்டும் காதில் விழுவது இப்பயணத்தின் மறக்கவியலாத இன்பம்.

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் வழியாகவோ, வனத்துறை அனுமதியுடன் பேரிஜம் ஏரிக்குச் செல்லும் வழியாகவோ மேட்டுநிலத்தின் உள்ளே போகும்போது சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்த பழைய நிலப்பரப்பின் எஞ்சிய துண்டுகளைக் காணலாம். பேரிஜத்தின் அருகே உள்ள மதிகெட்டான் சோலையின் பெயரே, உள்ளே புகுந்தவர் திசை தடுமாறும் அளவுக்கு அது அடர்ந்திருந்த காலத்தைச் சொல்கிறது. இத்தகைய உயர்மலைகளை ஆய்வாளர் வான்தீவுகள் என்பர். கடலால் சூழப்பட்ட நிலம் தீவாவதுபோல, வெப்பமான சமவெளியாலும் பள்ளத்தாக்குகளாலும் சூழப்பட்ட குளிர்ந்த மலைமுகடும், அங்கன்றி வேறெங்கும் வாழ இயலாத உயிர்களுக்குத் தீவே. சோலைக்கிளியின் வரலாறு இதனை முழுமையாக மெய்ப்பிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளி வேறு இனம். அக்கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே ஆனைமலை, பழனி மலை முதலியவற்றில் வாழ்வது வெள்ளை வயிற்றினம். செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழ்வது 2017-இல்தான் தனி இனமாக அறியப்பட்டது. பறந்து கடக்கக்கூடிய கணவாய்களைப் பறக்கத் தெரிந்த பறவை நெடுங்காலமாகக் கடக்காமையால் மூன்று இனங்கள் உருவாயின. ஒரே இனத்துக்குள்ளும் ஒரு மலையின் பாடல் மற்றொரு மலையின் பாடலிலிருந்து வேறுபடுவதைக் குரல் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒலியைக் கேட்டுக் கற்கும் பறவைகளிடையே தொடர்பு அறுந்தால், மக்களின் வட்டார வழக்குப்போலப் பாட்டும் பிரிந்துவிடுகிறது.

மலை அணிலுக்கு இதே சோலை தீவன்று. அதன் இனம் தென்கோடி மலைகளிலிருந்து மத்திய இந்தியாவின் சாத்பூரா மலைகள் வரை, அடிவாரக் காடு முதல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட சோலை வரை பரவியிருக்கிறது. எனவே மேல்பழனியின் சோலை சோலைக்கிளிக்கு முழு உலகமாக இருக்க, அணிலுக்கு ஒரு பெரிய வீட்டின் மேல்மாடியாக இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சோலைக்கிளியை அழிவாய்ப்புள்ள இனமாகவும் மலை அணிலை உடனடிக் கவலையற்ற இனமாகவும் வகைப்படுத்தியிருப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த மேல்மாடிக்கு ஏறிவரும் படிக்கட்டு, கீழ்ப்பழனியின் தொடர்ச்சியான மரக்கூரையே. காப்பித் தோட்டத்தின் நிழல்மரங்கள் வெட்டப்பட்டாலும், சாலை அகன்று இருபுறக் கிளைகளும் ஆறு மீட்டருக்கு அப்பால் விலகினாலும் அந்தப் படிக்கட்டு உடைகிறது. தரையில் இறங்கும் மலை அணில் வாகனத்துக்கும் நாய்க்கும் எளிதில் இரையாகும். வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே கட்டப்பட்டுள்ள கயிற்றுப் பாலங்கள் இவ்வகை முறிவுக்குக் கண்ட ஒரு மாற்று. கிளைகளே கைகோத்து நிற்பதற்கு அவை ஈடாகா.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவது இன்றியமையாதது. சோலைகளைப் பிரித்து நிற்கும் புல்வெளி பாழ்நிலமன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் நிலம் அது, மழையை வாங்கி ஓடைகளுக்கு ஊட்டும் நிலமும் அதுவே. சோலைக்கிளி அந்தப் புல்வெளிக்கு அருகில்தான் நெடுங்காலம் வாழ்ந்து வந்தது. அதனை வெறுமை என்று கருதி, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்மரங்களை நட்டதன் விளைவு பெரிது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்டமரங்களுக்கும் வேளாண்மைக்கும் இரையானதைக் காட்டியது. தொலைவிலிருந்து பார்த்தால் பைன் தோப்பும் பச்சையே. உள்ளே சென்று பார்த்தால், ஊசியிலை மூடிய தரையில் சோலைக்கிளி ஒளிய ஒரு புதர் இல்லை; மேலே மலை அணில் தின்னச் சதைக்கனி இல்லை. தரையும் கூரையும் சேர்ந்து இருந்தால்தான் அது காடு என்னும் பாடம் அங்கே கண்கூடாகிறது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1985-இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், வட்டக்கானலில் சோலைமர நாற்றங்கால் நடத்திவரும் அறக்கட்டளையும் இம்மலைக்குரிய மரங்களை மீட்டெடுக்க உழைத்துள்ளன. 2013-இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முதிர்ந்த அயல்மரத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்தெழுகின்றன. ஆதலால் எங்கே அயல்மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்பது, எங்கே அதன் நிழலிலேயே சோலையை வளரவிடுவது என்பதை இடத்துக்கு இடம் ஆய்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவின் சரி தவறை அளக்க இவ்விரு உயிர்களும் துணைபுரியும். ஒரு சோலையின் இலைமக்கும் புதரும் செழித்திருப்பதைச் சோலைக்கிளியின் விடியற்பாட்டு அறிவிக்கும். அதன் கூரை அறுபடாதிருப்பதை மலை அணிலின் தாவல் அறிவிக்கும்.

கொடைக்கானலுக்குச் செல்வோர் ஒரு காலையேனும் ஏரிக்கரையை விட்டு, அனுமதிக்கப்பட்ட சோலைப்பாதை ஒன்றின் ஓரத்தில், ஒலிப்பெருக்கியும் உரத்த பேச்சும் இன்றி, பொழுது புலரும் நேரத்தில் காத்திருப்பது தகும். முதலில் காலருகே உள்ள புதரிலிருந்து சீழ்க்கைப் பாட்டு எழும். வெளிச்சம் சற்று ஏறியபின் தலைக்குமேல் ஒரு கிளை வளைந்து நிமிரும். இவ்விரண்டும் ஒரே இடத்தில் நிகழ்ந்தால், அங்கு நிற்பது அடிமுதல் முடிவரை குறைவுபடாத சோலை. பாட்டு மட்டும் நின்றுபோன சோலையும், தாவல் மட்டும் நின்றுபோன சோலையும் வெளிப்பார்வைக்கு முன்போலவே பசுமையாகத் தெரியும் என்பதால், கேட்கவும் பார்க்கவும் பழகிய மனிதர்கள் இம்மலைக்கு மிகுதியாக வேண்டியிருக்கிறார்கள்.